ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் என்ன அர்த்தம்? மருத்துவமனை ஊழியர்களை வைத்து ஒரு விளக்கம்

2020 ஏப்ரல் 24, 25 தேதிகளில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. கொரோனா முதல் அலை அப்போதுதான் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. அன்று வேலைக்கு வந்திருந்த, காய்ச்சலோ இருமலோ இல்லாத ஊழியர்களில் ஐந்நூற்றுச் சொச்சம் பேரிடம் மூக்கிலிருந்து ஒரு மாதிரியும் கையிலிருந்து கொஞ்சம் ரத்தமும் எடுத்தார்கள். மூக்கில் வைரஸ் இருந்தது 2.4 சதவீதம் பேருக்குத்தான். ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்ததோ 24.4 சதவீதம் பேருக்கு, அதாவது 516 பேரில் 126 பேருக்கு.

சரி, எந்தப் பிரிவில் அதிகம் இருந்திருக்கும்? யாரைக் கேட்டாலும் ஐசியு என்றுதான் சொல்வார்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட்ட கொரோனா நோயாளிகளுக்குப் பக்கத்திலேயே பல மணி நேரம் நிற்பவர்கள் அவர்கள்தானே. ஆனால் ஐசியு ஊழியர்களில் பாசிட்டிவ் ஆனது 14.8 சதவீதம். அவசர சிகிச்சைப் பிரிவில் 13.3. முதலிடத்தில் வந்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள், 34.5 சதவீதம். அவர்களுக்கு அடுத்து பொது மருத்துவ வார்டுகளில் வேலை செய்தவர்கள், 30 சதவீதத்துக்கு மேல்.

ஆன்டிபாடி பரிசோதனையின் பலம் என்ன என்று கேட்டால் நான் காட்டுவது இந்த எண்களைத்தான். அந்த 126 பேரில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்கள் ரிசல்ட்டுக்கு இதுதான் அர்த்தம் என்று விளக்கச் சொன்னால், அன்றைய நிலையில் பெரிதாக எதுவும் சொல்லியிருக்க முடியாது. அதே 126 பேரையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மருத்துவமனையில் தொற்று எங்கே புகுந்தது, எங்கே தடுக்கப்பட்டது என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடுகிறது. தனி ஆளைப் பற்றிக் கொஞ்சமும், கூட்டத்தைப் பற்றி நிறையவும் சொல்கிற பரிசோதனை இது. ஏன் அப்படி என்று பார்ப்போம்.

வைரஸைத் தேடுவதும் ஆன்டிபாடியைத் தேடுவதும்

வைரஸ் உடம்புக்குள் வந்ததும் அதன் மேல்பகுதிகளில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதங்களை நம் ரத்த அணுக்களில் ஒரு வகை தயாரிக்க ஆரம்பிக்கும். இவைதான் ஆன்டிபாடிகள். ஒவ்வொரு வைரஸுக்கும் ஏற்றபடி தனித்தனியாக உருவாகும். தட்டம்மைக்கு உருவானது கொரோனாவில் ஒட்டாது. இவற்றில் முதலில் தலைகாட்டுவது ஐஜிஎம் என்ற வகை, பிறகு வந்து நெடுநாள் தங்குவது ஐஜிஜி என்று பாடப்புத்தகம் சொல்லும். கொரோனாவில் பலருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்தன. எப்படியிருந்தாலும் தொற்றியவுடன் வந்துவிடாது. அறிகுறி தொடங்கி ஒன்றிலிருந்து இரண்டு வாரமாவது ஆகும். சிலருக்கு இன்னும் தாமதமாகும்.

மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸையே தேடும் ஆர்டி-பிசிஆர், அடுப்பு இப்போது எரிகிறதா என்று பார்க்கிறது என்றால், ஆன்டிபாடி பரிசோதனை அடுப்பில் சாம்பல் இருக்கிறதா என்று பார்க்கிறது. சாம்பல் இருந்தால் எப்போதோ எரிந்திருக்கிறது என்று அர்த்தம். எப்போது எரிந்தது, இன்னும் உள்ளே கனல் இருக்கிறதா என்பதெல்லாம் சாம்பலை வைத்துத் தெரியாது. இன்றைக்குத்தான் பற்றவைத்த அடுப்பில் சாம்பலே இருக்காது. அதனால் காய்ச்சலோடு இன்று டியூட்டிக்கு வந்து நிற்கும் ஒரு நர்ஸுக்கு ஆன்டிபாடி நெகட்டிவ் என்று ரிசல்ட் வந்தால், அதை நம்பி அவரை வார்டுக்கு அனுப்பக் கூடாது.

டெங்கு பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் டாக்டர் என்எஸ்1 எழுதுவார். அது வைரஸின் ஒரு பகுதியையே தேடுகிறது. ஐந்து நாள் தாண்டிப் போனால் ஐஜிஎம் எழுதுவார். எதை எப்போது தேடுவது என்பதில்தான் பாதி சூட்சுமம் இருக்கிறது.

லேபுக்குள் என்ன நடக்கிறது?

பெரிய ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது எலிசா முறை. நம் நாட்டில் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் 2020 மே மாதம் 'கோவிட் கவச்' என்ற பெயரில் கொண்டுவந்த கிட்டும் எலிசாதான். ஒரே ஓட்டத்தில் 90 பேரின் மாதிரிகளை இரண்டரை மணி நேரத்தில் பார்க்கலாம் என்பதுதான் அதன் வசதி.

எடுத்த ரத்தத்தை அரை மணி நேரம் உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு திரவம் நிற்கும். அதுதான் சீரம். ஆன்டிபாடிகள் அதில்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் எட்டும் ஒரு பக்கம் பன்னிரண்டுமாக 96 சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்று கிட்டோடு வரும். குழிகளின் அடியில் வைரஸின் புரதத்தை, அல்லது செயலிழக்கச் செய்த வைரஸையே, முன்கூட்டியே பூசியிருப்பார்கள். சீரத்தை நீர்க்கச் செய்து குழிக்கு ஒருவர் என்று விட வேண்டும். சீரத்தில் அந்த வைரஸுக்கான ஆன்டிபாடி இருந்தால் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் கழுவல். ஒட்டாததெல்லாம் போக வேண்டும். லேபில் வேலை செய்பவர்கள் இந்த இடத்தில்தான் பொறுமையைத் தொலைப்பார்கள். சரியாகக் கழுவவில்லை என்றால் ஒட்டாமல் சும்மா மிதந்ததும் தங்கிவிடும், நெகட்டிவ் ஆன குழியும் நிறம் காட்டும். தட்டைக் கவிழ்த்து டிஷ்யூ பேப்பரில் தட்டித் தட்டி ஈரம் போக்குவதும் சடங்குக்காக அல்ல.

அடுத்து, மனித ஆன்டிபாடியைத் தேடி ஒட்டும் இன்னொரு ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். அதன் முதுகில் ஒரு என்சைம் ஏற்றியிருக்கும். மறுபடி கழுவல். கடைசியில் என்சைம் பட்டால் நிறம் மாறும் ஒரு திரவம். ஆன்டிபாடி இருந்த குழி நீலமாகும். அமிலம் விட்டு நிறுத்தியதும் மஞ்சளாகும். ஆன்டிபாடி அதிகம் இருந்தால் மஞ்சள் அடர்த்தியாகவும், இல்லையென்றால் குழி தண்ணீர்போலத் தெளிவாகவும் இருக்கும்.

கவனியுங்கள், இதுவரை பாசிட்டிவ் என்றோ நெகட்டிவ் என்றோ எதுவும் வரவில்லை. வெளிர் மஞ்சளிலிருந்து அடர் மஞ்சள் வரை ஒரு வரிசைதான் இருக்கிறது. அதை ஒரு கருவி எண்ணாக மாற்றும். எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ் என்ற கோட்டை மனிதர்கள்தான் போடுகிறார்கள். கொரோனா வருவதற்கு முன்பே, வேறு காரணத்துக்காக எடுத்து ஃப்ரீசரில் வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகள் இங்கே கை கொடுத்தன. அவற்றில் கோவிட் ஆன்டிபாடி இருக்கவே முடியாது. அவை எவ்வளவு மஞ்சள் காட்டுகின்றன என்று பார்த்து, அதற்கு மேலே கோடு போட்டார்கள். கோட்டை உயர்த்தினால் தவறான பாசிட்டிவ் குறையும், ஆனால் உண்மையில் தொற்று வந்துபோன சிலரும் கோட்டுக்குக் கீழே போய்விடுவார்கள். தாழ்த்தினால் இதற்கு நேரெதிர். ரெண்டும் சேர்ந்து கிடைக்காது.

ஆயிரம் நர்ஸ்கள், ஒரு கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிதானமாகப் படியுங்கள் என்றால் அது இந்த இடம்தான்.

ஒரு கிட் நல்ல கிட் என்றே வைத்துக்கொள்வோம். தொற்று வந்துபோனவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகப் பாசிட்டிவ் என்கிறது. வராதவர்களில் 98 சதவீதம் பேரைச் சரியாக நெகட்டிவ் என்கிறது. 98 சதவீதம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் நம்மில் யாரும் சந்தேகப்பட மாட்டோம்.

தொற்று இன்னும் அதிகம் பரவாத ஓர் ஊரில் 1,000 நர்ஸ்களைச் சோதிக்கிறோம். உண்மையில் தொற்று வந்துபோனது 2 சதவீதம், அதாவது 20 பேருக்குத்தான். கிட் அவர்களில் 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேருக்குத் தொற்றே வரவில்லை, ஆனால் அவர்களில் 2 சதவீதம் பேரை, ஏறத்தாழ 20 பேரை, கிட் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லிவிடும். மொத்தம் 38 பாசிட்டிவ். அதில் பாதிக்கும் மேல் பொய். ரிசல்ட்டைக் கையில் வாங்கிய ஒரு நர்ஸ், எனக்கு வந்துபோய்விட்டது என்று நிம்மதியடைந்தால், அந்த நிம்மதி காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்ததற்குச் சமம்.

அதே கிட்டை, தொற்று நன்றாகப் பரவிய ஊருக்குக் கொண்டு போங்கள். 1,000 பேரில் 250 பேருக்கு வந்துபோயிருக்கிறது. கிட் 225 பேரைப் பிடிக்கும். வராத 750 பேரில் 15 பேர் தவறாகப் பாசிட்டிவ். இப்போது 240 பாசிட்டிவில் 225 மெய். கிட் மாறவில்லை, லேப் மாறவில்லை, ஊர் மட்டும்தான் மாறியது. பாசிட்டிவ் என்ற ஒரே வார்த்தைக்கு ஓர் ஊரில் பாதிக்குப் பாதி என்று அர்த்தம், இன்னோர் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு என்று அர்த்தம்.

முதல் ஊர்க் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. 38 பேர் பாசிட்டிவ், அதாவது 3.8 சதவீதம். இந்தக் கிட் 2 சதவீதம் பொய் பாசிட்டிவ் தரும், 10 சதவீதம் மெய்யானதைத் தவறவிடும் என்று நமக்கு முன்பே தெரியும். ஆகவே அதைக் கழித்துக் கூட்டி, உண்மை அளவு 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று புள்ளியியலாளர் திருத்திவிடுவார். ஆய்வறிக்கைகளில் திருத்திய விகிதம் என்று தனியாக ஒரு வரி இருப்பது இதனால்தான். ஆனால் அந்த 38 பேரில் எந்த 18 பேர் மெய் என்று அவரால் சொல்ல முடியாது. கூட்டத்தின் எண்ணைத் திருத்தலாம், தனி ஆளின் ரிசல்ட்டைத் திருத்த முடியாது.

தனி ஆளுக்கும் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. பாசிட்டிவ் வந்தவர்களை மட்டும், வைரஸின் வேறொரு புரதத்தைத் தேடும் இரண்டாவது கிட்டால் மறுபடி சோதிப்பது. முதல் கிட்டை ஏமாற்றிய அதே காரணம் இரண்டாவதையும் ஏமாற்றுவது அபூர்வம். 20 பொய் பாசிட்டிவில் ஒன்று மிஞ்சினாலே அதிகம். செலவு கூடும், வேறொன்றுமில்லை.

2020 ஏப்ரலில் நம் ஊரில் நடந்தது

ஆன்டிபாடி கிட் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சீனாவிலிருந்து இறக்குமதியான ரேபிட் கிட் சர்ச்சைதான். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டால் கால் மணி நேரத்தில் கோடு விழும் வகை. மாநிலங்களுக்கு வந்து சேர்ந்த சில நாட்களிலேயே புகார்கள் கிளம்பின. ஆர்டி-பிசிஆரில் உறுதியான நோயாளிகளிடம் சோதித்தபோது, அதில் பாசிட்டிவ் காட்டியது 6 சதவீதத்திலிருந்து 71 சதவீதம் வரை இடத்துக்கு இடம் மாறியது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் சொன்னது. ஏப்ரல் 27 அன்று இரண்டு நிறுவனங்களின் கிட்களைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னது.

கிட் சரியில்லை என்பது ஒருபுறம். எனக்கு அதைவிடப் பெரிய கோளாறாகத் தெரிவது, யாருக்கு இப்போது நோய் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவிபோலப் பொதுவெளியில் அது பேசப்பட்டது. எவ்வளவு நல்ல ஆன்டிபாடி கிட்டாக இருந்தாலும் அந்த வேலைக்கு அது ஆகாது. தொற்றி மூன்றாம் நாள் இருப்பவரிடம் உலகத்தின் மிகச் சிறந்த கிட்டும் நெகட்டிவ்தான் காட்டும். பிரிட்டனிலும் இதே அவசரம் இருந்தது. அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் 2020 மார்ச்சில், கர்ப்பம் பார்ப்பதுபோல எளிதான ஆன்டிபாடி பரிசோதனை வரப்போகிறது, அது ஆட்டத்தையே மாற்றிவிடும் என்று பேசினார். முதலில் வாங்கிய வீட்டுக் கிட்கள் தேறவில்லை.

ஊழியர்களிடம் வரும் தனிச் சிக்கல்கள்

கிட் தயாரிப்பவர்கள் 90 சதவீதம் பிடிக்கும் என்று எழுதுகிறார்களே, அதை யாரை வைத்துப் பார்த்தார்கள்? தொடக்கத்தில் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளை வைத்து. நோய் கடுமையாக வந்தால் ஆன்டிபாடியும் பொதுவாக நிறைய உருவாகும். வேலைக்கு வந்து போய்க்கொண்டிருக்கும் ஊழியர்களுக்கோ பெரும்பாலும் லேசாகத்தான் வந்திருக்கும், ஆன்டிபாடியும் குறைவாக இருக்கும், கோட்டைத் தொடாமலே போகும். அதாவது பெட்டியில் போட்டிருக்கும் 90, ஊழியர்களிடம் 90-ஆக இருக்காது.

அடுத்தது காலம். கொரோனா வைரஸில் ஆன்டிபாடி தேடும் புரதங்கள் முக்கியமாக இரண்டு. வெளியே முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் ஒன்று. உள்ளே மரபுப் பொருளைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோகேப்சிட், சுருக்கமாக என் புரதம், இன்னொன்று. ஆக்ஸ்போர்டு மருத்துவமனை ஊழியர்களைத் தொடர்ந்து அளந்தபோது, என் புரதத்துக்கான ஐஜிஜி சுமார் 85 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது. ஸ்பைக்குக்கானது அதைவிட நெடுநாள் நின்றது. மார்ச்சில் தொற்று வந்த ஒருவரை டிசம்பரில் என் புரதக் கிட்டால் சோதித்து நெகட்டிவ் என்று வந்தால், வரவே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. சாதாரணமாக நடக்கிற விஷயம் அது.

தடுப்பூசி வந்ததும் கணக்கு இன்னும் சுவாரசியமானது. கோவிஷீல்டு உடம்புக்கு ஸ்பைக்கை மட்டும்தான் காட்டுகிறது. அதைப் போட்டவரிடம் ஸ்பைக் ஆன்டிபாடி இருந்து என் புரத ஆன்டிபாடி இல்லையென்றால் ஊசியால் வந்தது, இரண்டும் இருந்தால் தொற்றும் வந்துபோயிருக்கிறது என்று பிரித்துவிடலாம். கோவேக்சின் செயலிழந்த முழு வைரஸ். அதில் என் புரதமும் இருக்கிறது. ஆகவே கோவேக்சின் போட்டவர்களிடம் இந்த வித்தை பலிக்காது. வெளிநாட்டு ஆய்வுகளின் முறையை அப்படியே நம் மருத்துவமனைகளுக்கு எடுத்து வந்தால் இடிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

மறுபடி பர்மிங்காமுக்கு

இவ்வளவு குறைபாடு உள்ள பரிசோதனையை எதற்கு ஊழியர்களிடம் செய்ய வேண்டும்? பிசிஆர் பார்ப்பது அந்த நேரத்து நிலவரத்தை மட்டும். அன்று மூக்கில் வைரஸ் இருந்தவர்கள் 2.4 சதவீதம் என்பதோடு அது முடிந்துவிட்டது. முந்தைய ஆறேழு வாரங்களில் சத்தமில்லாமல் வந்துபோனது அத்தனையும் ரத்தத்தில்தான் பதிந்திருந்தது. எனக்கு எந்த அறிகுறியும் வரவே இல்லை என்று சொன்ன ஊழியர்களிலும் 17.1 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. அவர்களில் எத்தனை பேர் தெரியாமலே வைரஸோடு வார்டில் சுற்றியிருப்பார்கள்?

ஐசியுவில் குறைந்ததற்கு ஆய்வாளர்கள் முன்வைத்த காரணங்களில் முதன்மையானது பாதுகாப்பு உடை. அப்போதைய பிரிட்டிஷ் விதிப்படி ஐசியுவில் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் உயர்தர மாஸ்க், முழு உடை. பொது வார்டில் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க். வேறு காரணங்களும் உண்டு என்று நினைக்கிறேன். ஐசியுவுக்குள் வரும்போதே அவர் கொரோனா நோயாளி என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் உஷாராக இருப்பார்கள். பொது வார்டில் வேறு ஏதோ நோய்க்குச் சேர்ந்தவர் இரண்டு நாள் கழித்து இருமுவார், அதற்குள் பத்துப் பேர் பக்கத்தில் போய் வந்திருப்பார்கள். தரை துடைப்பவர் ஒரு வார்டில் நிற்பதில்லை, எல்லா வார்டுக்கும் போகிறார். எந்தக் கட்டிலில் யார் இருக்கிறார் என்று அவரிடம் யாரும் சொல்வதும் இல்லை.

ஒரு மருத்துவமனையில் தற்செயலாக அப்படி வந்திருக்கலாம் என்று விட்டுவிட முடியாது. ஆக்ஸ்போர்டில் சுமார் 10,000 ஊழியர்களைப் பார்த்தபோதும் வேலைவாரியாக அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ஊழியர்களும் தூய்மைப் பணியாளர்களும்தான்.

இப்படிப்பட்ட எண்களைப் படிக்கும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னோர் எண் வேண்டும். டென்மார்க் தலைநகர்ப் பகுதியில் 28,792 சுகாதாரப் பணியாளர்களைச் சோதித்ததில் 4.04 சதவீதம் பாசிட்டிவ். இது அதிகமா, குறைவா? அவர்கள் அதே பகுதியில் ரத்ததானம் செய்தவர்களையும் பார்த்தார்கள்: 3.04 சதவீதம். வித்தியாசம் ஒரு சதவீதம். அப்படியென்றால் ஊழியர்களின் தொற்றில் பெரும்பகுதி எல்லோருக்கும் வந்ததுபோல வீட்டிலும் வெளியிலும் வந்திருக்கலாம், மருத்துவமனை கூடுதலாகச் சேர்த்தது கொஞ்சம் என்று வாசிக்க இடமிருக்கிறது. ஒப்பிட எதுவும் இல்லாமல் வெறும் 4 சதவீதம் என்று செய்தியில் போட்டால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

இந்தியாவில் ஐசிஎம்ஆர் நடத்திய தேசிய செரோ சர்வே என்ற ஆன்டிபாடிக் கணக்கெடுப்பின் மூன்றாவது சுற்றில், 2020 டிசம்பர் – 2021 ஜனவரியில், பொதுமக்களோடு 7,171 சுகாதாரப் பணியாளர்களையும் சேர்த்தார்கள். 21 மாநிலங்களில் 70 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை. பணியாளர்களில் பாசிட்டிவ் 25.7 சதவீதம், பெரியவர்களான பொதுமக்களில் 21.4. டாக்டர், நர்ஸ்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் இடையே ஒன்றிரண்டு சதவீதம்தான் வித்தியாசம். ஃபைல் பார்ப்பவருக்கும் ஊசி போடுபவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வந்திருக்கிறது என்றால், ஆபத்து நோயாளியின் கட்டிலோடு நிற்கவில்லை என்றுதான் நான் வாசிப்பேன். மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடும் அறையையும் ஷேர் ஆட்டோவையும் சொந்த வீட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். அடுத்த சுற்றில், 2021 ஜூன்–ஜூலையில், பணியாளர்களின் விகிதம் 85.2-க்குத் தாவியது. இடையில் ஜனவரி 16 முதல் அவர்களுக்குத் தடுப்பூசி, ஏப்ரல்–மே மாதங்களில் டெல்டா அலை. எது எவ்வளவு கூட்டியது என்று அந்த ஒற்றை எண்ணால் சொல்ல முடியாது.

பாசிட்டிவ் என்றால் மறுபடி வராதா?

பர்மிங்காமில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த அதே ஏப்ரல் 24 அன்றுதான் உலக சுகாதார நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆன்டிபாடி இருப்பவருக்கு இரண்டாம் முறை தொற்று வராது என்பதற்கு இப்போது ஆதாரம் இல்லை, அதை நம்பி யாருக்கும் நோய் எதிர்ப்புச் சான்றிதழ் கொடுக்காதீர்கள் என்று. சில நாடுகள் அப்படி ஒரு யோசனையில் இருந்தன.

ஆதாரத்தைத் தேடித் தந்தவர்கள் ஊழியர்களே. ஆக்ஸ்போர்டில் 12,541 ஊழியர்களைச் சுமார் ஏழு மாதம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஸ்பைக் ஆன்டிபாடி இல்லாதவர்களில் 223 பேருக்குப் பிசிஆர் பாசிட்டிவ் ஆனது. ஆன்டிபாடி இருந்த 1,265 பேரில் வெறும் 2 பேருக்கு, இருவருக்குமே அறிகுறி இல்லை. இங்கிலாந்து முழுக்க 25,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து நடந்த சைரன் என்ற ஆய்வு, முன்பு தொற்று வந்தவர்களுக்கு மறுபடி வரும் ஆபத்து 84 சதவீதம் குறைவு என்று 2021 ஏப்ரலில் சொன்னது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாஸ்க்கை இறக்கி மூக்கைக் காட்டிய, மாதாமாதம் கையை நீட்டிய நர்ஸ்களும் டெக்னீஷியன்களும் இல்லாமல் இந்த விடை கிடைத்திருக்காது. சுகாதாரப் பணியாளர்கள் நல்ல ஆய்வுக் குழு: தினமும் ஒரே இடத்துக்கு வருவார்கள், ஆபத்தும் அங்கேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்தது, பழைய ஆன்டிபாடிகளைப் பெருமளவு ஏய்த்தது. அந்த 84 அந்தக் காலத்து வைரஸுக்கான எண். எந்த அளவுக்கு மேல் ஆன்டிபாடி இருந்தால் போதும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட கோடு எதுவும் கொரோனாவுக்கு நிலைக்கவில்லை. இந்தப் பரிசோதனையில் தெரியாத டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களும் பாதுகாப்பில் பங்கெடுக்கின்றன. அதனால்தான் 500 வந்திருக்கு, எனக்குப் போதுமா என்று தனியார் லேப் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்பவர்களுக்கு நேரான பதில் கிடைப்பதில்லை.

அப்படிக் கோடு இருக்கிற வைரஸும் உண்டு. மருத்துவமனை ஊழியர்களுக்கு அது நன்றாகவே தெரியும்: ஹெபடைட்டிஸ் பி. மூன்று டோஸ் ஊசி போட்டு, கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளந்தால், மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே என்றால் மறுபடி ஊசி. நோயாளிக்குக் குத்திய ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் முதலில் கேட்கும் கேள்வியே இந்த எண்தான். தனி ஆளுக்கு முழுப் பயன் தரும் ஆன்டிபாடி பரிசோதனைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பல பத்தாண்டு ஆய்வுகள் அந்த 10-க்குப் பின்னால் நிற்கின்றன.

நாளை உங்கள் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தால்

அடுத்த கொள்ளைநோய் எதுவாக இருந்தாலும், ஊழியர்களிடம் ஆன்டிபாடி பார்க்கிறோம் என்று ஒரு நாள் சுற்றறிக்கை வரும். அப்போது கேட்க வேண்டியவை சில. எந்தப் புரதத்தைத் தேடும் கிட்? தொற்றுப் பரவத் தொடங்கி எத்தனை வாரம் ஆகிறது? விருப்பப்பட்டவர்கள் மட்டும் வந்தால் போதும் என்றால், முன்பு காய்ச்சல் வந்து சந்தேகத்தில் இருப்பவர்கள்தான் முதலில் வரிசையில் நிற்பார்கள், விகிதம் ஏறிப்போகும். ரிசல்ட் யார் கைக்குப் போகும் என்பதையும் கேட்டுவிட வேண்டும். பாசிட்டிவ் வந்த நர்ஸை, உனக்குத்தான் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதே என்று தொடர்ந்து கோவிட் வார்டிலேயே போடும் மேலாளர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

அப்புறம் பெயர்ப் பட்டியல். நம் ஊரில் துப்புரவு, செக்யூரிட்டி, கேன்டீன், துணி வெளுப்பு எல்லாம் பெரும்பாலும் கான்ட்ராக்ட். சம்பளப் பட்டியலை வைத்து ஆள் எடுத்தால் இவர்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். பர்மிங்காமில் தூய்மைப் பணியாளர்களை விட்டுவிட்டு எடுத்திருந்தால் அந்த 34.5 அறிக்கையில் வந்தே இருக்காது. வார்டு மருத்துவர்களுக்கு நல்ல மாஸ்க் கொடுங்கள் என்ற பரிந்துரையோடு கோப்பை மூடியிருப்பார்கள்.